நேராகாத முழங்கை

அவனுடைய வலது முழங்கை நேராகாது. இதை முதல் வரியிலேயே எழுதிவைக்கிறேன். இனி எழுதப்போவதில் வயதினாலோ பயத்தினாலோ எங்காவது வழுக்கிப்போனாலும் இந்த வரி இருக்கட்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே பிடித்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கால்வாய் ஓரத்து மைதானத்தில், அவனுடைய மேல்கையை ஒரு கையாலும் மணிக்கட்டை மறுகையாலும் பிடித்து நீட்டினேன். ஓரளவுக்கு வந்தது. அதற்குமேல் எலும்பில் எலும்பு முட்டி நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். கை அசையவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் படிப்பித்தவன் நான். அங்கே கிரிக்கெட்டுக்குப் பொறுப்பாகவும் இருந்தேன். பரீட்சை எழுதி நடுவராகவும் தேறியிருந்தேன். எண்பதுகளில் பலரைப்போல கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, மேற்குப் பக்கம் கடந்து, ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு நடுத்தர நகரத்தில் ஒதுங்கினேன். கதவுக் கைப்பிடிகளுக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில் வேலை. மனைவியும் மகளும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். தொழிற்சாலையில் எனக்குப் பெயரே இல்லை என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் மறுபடி மாஸ்ரர்.

எங்கள் கிரிக்கெட் அணியை நான்தான் தொடங்கினேன். நகரசபை எங்களுக்கு ஒரு மூலை மைதானத்தைக் கொடுத்தது. தும்புப்பாயை விரித்து, ஆணி அடித்து, அதன்மேல் பந்து போடுவோம். பொடியன்கள் பெரும்பாலும் உணவகச் சமையலறைகளில் வேலை செய்தவர்கள். சனி இரவு நின்ற கால்களோடு ஞாயிறு காலை வந்துவிடுவார்கள். யார் விளையாடுவது, யார் வெளியே இருப்பது என்பதை நான் முடிவு செய்தேன். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஒரு வழக்கத்தையும் நான்தான் ஏற்படுத்தினேன். வெளியூர் அணி வந்தால் ஆட்டம் முடிந்ததும் எங்கள் செலவில் சாப்பாடு. சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் என் வீட்டிலிருந்து பெரிய சட்டிகளில் வரும். அன்று அதிக விக்கெட் எடுத்த எங்கள் பந்துவீச்சாளர்தான் விருந்தாளிகளின் தட்டில் முதல் அகப்பைச் சோற்றைப் போட வேண்டும். அடித்து வீழ்த்தியவனே சோறு போட்டால் மனத்தாங்கல் இராது என்று நினைத்தேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. காகிதத் தட்டில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம், ஊரில் இருந்த பழைய குப்பை ஒன்றும் இங்கே இல்லை என்று நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அவன் நகரத்துக்கு வெளியே இருந்த அகதி விடுதியில் இருந்தான். ஒரு பழைய சைக்கிளில் வந்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, விளையாட விடுவீர்களா என்று கேட்டான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னான். கடற்கரை ஊர். அந்த ஒரு சொல்லோடு எங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவனுடைய ஆட்கள் மீன்பிடிக்கிறவர்கள். நானும் என் அணியில் அநேகமானோரும் தோட்டமும் காணியும் உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள். இதை யாரும் வாயால் சொல்லவில்லை. மற்றப் பொடியன்களை நான் 'நீர்' என்பேன். அவனை முதல் நாளிலிருந்தே 'நீ' என்றேன். அப்படிச் சொல்கிறேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

பந்து போடுவதற்கு முன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வான். பிறகு அதிகம் ஓடாமல், ஏழெட்டு அடி நடந்து வருவதுபோல வந்து, அந்த மடிந்த கையை எங்கிருந்தோ சுழற்றுவான். பந்து பாயில் பட்டதும் எந்தப் பக்கம் போகும் என்று விக்கெட் காப்பாளருக்கே தெரியாது. முதல் நாள் எங்கள் பொடியன்களில் பாதிப்பேர் அவனுக்கு முன்னால் நிற்கப் பயந்தார்கள். அன்றுதான் நான் அவனைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தேன்.

என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஆமிக் காம்பில துவக்குப் பிடியால அடிச்சவங்கள், மாஸ்ரர். மருந்து கட்ட விடேல்லை. அப்பிடியே பொருந்திப் போச்சுது."

அசூல் என்கிற அகதி விசாரணையில் இதையெல்லாம் சொன்னாயா என்று கேட்டேன். ஓம், அதுதான் தன்னுடைய வழக்கே என்றான். இந்தக் கைதான் தன்னிடம் இருக்கும் சாட்சி. இது பொய் என்று அவர்கள் முடிவெடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் அவனுக்கு விதியை விளக்கினேன். கிரிக்கெட்டில் கை மடிந்திருப்பது குற்றமில்லை. பந்தை விடும்போது மடிந்த கை நேராக நிமிர்ந்தால்தான் அது எறிவு. உன் கை எப்போதும் நிமிராது. ஆகவே நீ எறியவில்லை. "ஆரும் கேட்டால் என்னட்ட அனுப்பு" என்றேன். அவன் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

அந்தக் கோடை முழுவதும் அவனால்தான் வென்றோம். வெளியூருக்குப் போகும் ஆட்டங்களில் மட்டும் அவன் இல்லை. அகதி விண்ணப்பம் முடியாதவர்கள் மாவட்ட எல்லையைத் தாண்ட ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும். அவனுக்கு மொழி தெரியாது. யாராவது கூடப் போய் நின்றால் கிடைத்திருக்கும். எனக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். நான் போகவில்லை.

எங்கள் விக்கெட் காப்பாளர் வாய்த்துடுக்குக்காரன். ஒருநாள் எதிரணிக்காரர் யாரோ, உங்கட ஆள் பந்தை எறியிறான் போல கிடக்கு என்று சொன்னபோது, அந்தக் காப்பாளன் இரண்டு கைகளையும் விரித்து வலை வீசுவதுபோலக் காட்டினான்.

"பரம்பரையா எறியிற கையெல்லே அண்ணை. சும்மா இருக்கச் சொன்னால் இருக்குமே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பந்து போட இருந்தவன் பாயின் மறுமுனையில் பந்தைத் துணியில் தேய்த்துக்கொண்டு நின்றான். கேட்டிருப்பான்.

அந்தக் கோடையின் கடைசியில் எர்லாங்கன் பக்கத்திலிருந்து ஓர் அணி வந்தது. அதன் பொறுப்பாளர் என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய மகன் அங்கே பெரிய மின்னியல் நிறுவனம் ஒன்றில் பொறியியலாளர். அணியில் முதலாவதாகத் துடுப்பெடுத்தாடுகிறவன். அவனை என் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். ஆட்டம் ஒரு சாட்டு. உண்மையில் அவர்கள் எங்களைப் பார்க்க வந்தார்கள்.

எங்கள் மடிந்த கைக்காரன் போட்ட முதல் ஓவரிலேயே பொறியியலாளரின் நடுக்குச்சி பறந்தது. அந்த மாப்பிள்ளை ஒரு ஓட்டமும் எடுக்கவில்லை. அன்று அவர்கள் பக்கத்தில் யாராலும் நின்று ஆட முடியவில்லை. அதிக விக்கெட் யாருக்கு என்று எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. அவன் தண்ணீர்க் குழாயில் கையை நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். வழக்கப்படி சோற்றுச் சட்டியை எடுத்தான். வரிசையில் முதலாவதாக, எர்லாங்கன் அணியின் பொறுப்பாளரான அந்தப் பெரியவர் தட்டோடு நின்றார். அவன் அகப்பையை நீட்டினான். அவர் தன் தட்டின்மேல் உள்ளங்கையை விரித்து மூடினார்.

"வயிறு சரியில்லைத் தம்பி" என்றார். மகனுக்கும் வேண்டாம் என்று அவரே சொன்னார்.

அகப்பையில் இருந்த சோற்றை அவன் சட்டியிலேயே திருப்பிப் போட்டான். பிறகு அடுத்த தட்டுக்குப் போனான். அடுத்தவரும் கொஞ்சம் போதும் என்றார். அவன் சட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிள் நின்ற பக்கம் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் என் மனைவி போட்ட சோற்றை அந்தப் பெரியவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

புறப்படும்போது காருக்குப் பக்கத்தில் என்னை அழைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"மாஸ்ரர், நீங்கள் படிச்ச மனுசன். ரீமிலை ஆரையெல்லாம் சேர்த்து வைச்சிருக்கிறியள் எண்டு நான் கேக்கக்கூடாது. ஆனால் அடுத்தமுறை எங்கட பொம்பிளையளும் வருவினம்."

அவரே எனக்கு ஒரு வழியையும் காட்டித் தந்தார்.

"அவன் எறியிறானெல்லே. உங்களுக்குத் தெரியாத சட்டமே?"

இரண்டு மூன்று வாரம் கழித்து எங்கள் பகுதியில் விளையாடும் தமிழ் அணிகளின் கூட்டம் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. அடுத்த கோடைக்கு யார் யாரோடு ஆடுவது என்று பேசுவதற்காக. அங்கே அவனைப் பற்றிய முறைப்பாடு எழுந்தது. தேறிய நடுவர் என்று அந்த மண்டபத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். மாஸ்ரர் சொல்லட்டும் என்றார்கள். எழுந்து நின்றேன். கவனமாகப் பார்த்து வந்திருக்கிறேன், பந்தை விடும்போது அவனுடைய முழங்கை நிமிர்கிறது, அது எறிவுதான் என்றேன். வகுப்பில் ஒரு தேற்றத்தை நிறுவி முடிக்கும் குரலில் சொன்னேன். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவன் பின்வரிசையில் இருந்தான். எழுந்தான்.

"மாஸ்ரர், நீங்கள்தானே பிடிச்சுப் பாத்தனீங்கள்."

"பிடிச்சுப் பாக்கேக்க ஒரு மாதிரி. போடேக்க ஒரு மாதிரி" என்றேன்.

மண்டபம் சிரித்தது. அவன் உட்கார்ந்தான். கூட்டம் முடியும்வரை இருந்து, அடுக்கவேண்டிய கதிரைகளையும் அடுக்கிவைத்துவிட்டுத்தான் போனான்.

சட்டத்துக்காகச் செய்தேன் என்று சில வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அதே அணியில் ஒருவனை இன்னொருவனின் பெயரில் ஆடவிட்டிருக்கிறேன். என் மருமகனாக வரப்போகிறவனின் காலில் பந்து பட்டபோது வேறு ஓர் ஆட்டத்தில் நடுவராக நின்ற நான், ஆட்டமிழப்பு என்று விரலைத் தூக்காமல் இருந்திருக்கிறேன். சட்டம் எனக்கு வேண்டியபோது மட்டும்தான் சட்டமாக இருந்தது.

கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறும் அவன் வெள்ளை உடுப்போடு வந்தான். இனி அணியில் இல்லை என்றேன். வேண்டுமானால் வந்து போகலாம், எல்லைக்கு வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுக்கலாம் என்றும் சொன்னேன். அதை ஒரு பெருந்தன்மையாகத்தான் நினைத்துச் சொன்னேன். அவன் கம்பி வேலிக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான்.

வேலிக்கு அப்பால் பேஸ்போல் மைதானம் இருந்தது. ஜெர்மன்காரப் பொடியன்கள் சிலர் தொலைக்காட்சியில் பார்த்து ஆசைப்பட்டுத் தொடங்கிய கழகம். எங்களைப் போலவே பார்வையாளர்கள் இல்லாமல் விளையாடுகிறவர்கள். அவர்களுடைய பந்து வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து விழுவது வழக்கம். அன்றும் விழுந்தது. அவன் எழுந்துபோய் எடுத்தான். வேலிக்குப் பக்கத்தில் போய்ப் போடாமல், நின்ற இடத்திலிருந்தே எறிந்தான். அந்தப் பந்து வேலிக்கு மேலால், அவர்களுடைய மைதானம் முழுவதையும் கடந்து, மறுமுனையில் குந்தியிருந்தவனின் கையுறைக்குள் போய் அறைந்தது. அந்தச் சத்தத்தில் எங்கள் ஆட்டமும் நின்றது.

அவர்களைப் பயிற்றுவித்தவர் நகரப் பேருந்தொன்றின் சாரதி. பருத்த உடம்பு, சிவந்த கழுத்து. வேலிக்கு வந்து இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொருமுறை எறியச் சொல்லிப் பந்தை நீட்டினார். இவனுக்கு மொழி விளங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். நான் மொழிபெயர்க்கவில்லை. விளங்காததுபோல நடுவர் இடத்துக்குப் போய் நின்றுகொண்டேன். அவர் கையால் சைகை காட்டி, வேலியின் ஓரமாக வாசலுக்கு நடத்தி, அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அந்த விளையாட்டில் எறிவதுதான் வேலை. முழங்கையை யாரும் பார்ப்பதில்லை. கை மடிந்திருந்ததால் அவனுடைய பந்து எங்கே விடுபடுகிறது என்று எதிரே நிற்பவனுக்குக் கடைசிவரை தெரியாதாம். இரண்டாவது கோடையில் அவன்தான் அவர்களுடைய முதல் எறிஞன். அதற்கடுத்ததில் கழகம் மேல்மட்ட லீக்குக்கு ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார வாங்குகள் வந்தன, வறுத்த இறைச்சி விற்கும் கடை வந்தது, சனம் வந்தது. அவன் நடுவிலிருந்த மண்மேட்டுக்கு நடந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொள்ளும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நகரத்துச் சின்னப் பிள்ளைகள் வலது முழங்கையை மடித்துக்கொண்டு தெருவில் நடந்து திரிந்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த ஜெர்மன்காரக் குழந்தை அப்படி நடந்ததை நான் பார்த்தேன். வெளியூர் போகும் அனுமதிக்கு என்ன செய்கிறான் என்று விசாரித்தேன். பேருந்துச் சாரதி ஒவ்வொரு வாரமும் அலுவலகத்துக்குக் கூடப்போய் நிற்கிறார் என்றார்கள்.

அவனுடைய படம் உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வந்தது. தமிழ்க் கடையில் அதை வெட்டி, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். "எங்கட பொடியன்" என்று எல்லோரும் சொல்லத் தொடங்கினார்கள். விக்கெட் காப்பாளன் சொன்னான். நானும் சொன்னேன். ஹம் நகரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மன் கோயில் இருந்த காலம் அது. அங்கே பூசை முடிந்து நிற்கும்போது, என்னுடைய ரீமில்தான் தொடங்கினவன் என்று சொல்லியிருக்கிறேன். என் மகளின் கல்யாணம் நல்லபடியாக நடந்து, எர்லாங்கன் பெரியவர் எனக்குச் சம்பந்தியாகியிருந்தார். ஒருமுறை நான் போனபோது தன் பணப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த அதே படத்தை எடுத்துக் காட்டினார்.

"எங்களுக்கு எதிராப் பந்து போட்டவனெல்லே" என்றார்.

அந்தப் படம்தான் அவனுக்கு வினையாக வந்தது.

முதல் விசாரணையில் அவனுடைய விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். மேன்முறையீடு நீதிமன்றத்தில் வருடக்கணக்காகக் கிடந்தது. ஒரு மாரிகால மாலை அவன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். அதற்குமுன் அவன் என் வீட்டுக்கு வந்ததில்லை. உள்ளே வந்தும் உட்காரவில்லை. நான் "இருங்கோ" என்றேன். அந்த 'ங்கோ' என் வாயிலிருந்து வந்ததை இரண்டு பேரும் கவனித்தோம். மனைவி நல்ல கோப்பையில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

வழக்கு நெருங்கிவிட்டது என்றான். கை முறிந்து பொருந்தியது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எப்போது முறிந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் அவனை முதன்முதல் பார்த்தது பேஸ்போல் தொடங்கிய பிறகு. முதல் விசாரணையில் அவன் சொன்னதை எழுதினார்களே தவிர, கையை யாரும் பரிசோதிக்கவில்லை. இப்படி ஒரு கையோடு ஊரிலிருந்து வந்தவன் பத்திரிகையில் படம் வரும் அளவுக்கு எறிய முடியுமா, இது இங்கே விளையாட்டில் வந்த காயமாக இருக்கலாமே என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. அவன் அந்தக் கழகத்துக்குப் போகமுன் அந்தக் கையைப் பார்த்தவர்கள் யாராவது வந்து சொல்ல வேண்டும் என்று அவனுடைய சட்டத்தரணி கேட்டிருக்கிறார்.

"உங்களிட்டைத்தான் வரவேண்டியிருக்கு. நீங்கள் பிடிச்சுப் பாத்தனீங்கள்."

மற்றப் பொடியன்களைக் கேட்டீர்களா என்றேன்.

"கேட்டனான். மாஸ்ரர் சொன்னால் நாங்களும் சொல்லுவம் எண்டினம்."

தேநீரை அவன் குடித்து முடித்தான். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக அவன் தலையைச் சற்றுச் சாய்க்க வேண்டியிருந்தது. சோறு போட்ட நாளைப் பற்றியோ மண்டபத்தைப் பற்றியோ ஒரு சொல் சொல்லவில்லை. வருகிறேன் என்றேன். நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

மனைவி கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"என்ன சொல்லப்போறியள்?"

"உண்மையைத்தான்."

"அப்ப அண்டைக்கு ஏன் மற்றமாதிரிச் சொன்னனீங்கள் எண்டு கேப்பினமே. கேட்டால்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலின் முனையில் என் சம்பந்தியின் விரித்த உள்ளங்கை இருந்தது. அப்போது என் மகள் கர்ப்பமாக இருந்தாள்.

நீதிமன்றத்துக்குப் போனேன். கோட்டு அணிந்து, தலை சீவி, ஆசிரியரைப்போலப் போனேன். நடைபாதையில் பேஸ்போல்காரர்கள் வாங்கு முழுவதும் நிறைந்திருந்தார்கள். பேருந்துச் சாரதி எழுந்து எனக்கு இடம் தந்தார். எங்கள் ஆட்கள் என்று அங்கே நான் மட்டும்தான்.

நீதிபதி நடுவயதுப் பெண். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் எனக்கு விளங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கேட்டார். எவ்வளவு காலமாகத் தெரியும் என்றார். சொன்னேன். அணியில் இருந்தாரா என்றார். ஓம் என்றேன். ஏன் நீக்கினீர்கள் என்றார். பந்துவீச்சு முறை விதிக்கு ஒத்துவரவில்லை என்றேன். விதி என்ன என்றார். அதை நன்றாக விளக்கினேன். மடிந்த கை, நிமிர்வது, நிமிராதது எல்லாம். அவர் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அப்படியானால், அந்தக் காலத்தில் அவருடைய கை நிமிர்ந்ததா, இல்லையா?

எங்கள் விதியைக் கேட்டு, எவ்வளவு சரியான இடத்தில் வந்து நின்றுவிட்டார் என்று ஒரு கணம் வியந்தது எனக்கு நினைவிருக்கிறது. நிமிர்ந்தது என்றால் அவன் பொய்யன். நிமிரவில்லை என்றால் நான் பொய்யன். அவன் எனக்கு இடப்பக்கத்தில், இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கை நீண்டும் மற்றது மடிந்தும் கிடந்தன.

"அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றேன். ஜெர்மனில், பிழையில்லாமல் சொன்னேன்.

இரண்டு பேரில் ஒருவரும் பொய்யராகாத ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிடத்தில் நினைத்தேன். சட்டத்தரணி இன்னொரு முறை வேறு விதமாகக் கேட்டார். அதையே திரும்பச் சொன்னேன். நீதிபதி நன்றி கூறி என்னை அனுப்பினார்.

நடைபாதையில் அவன் எனக்குப் பின்னால் வந்தான்.

"வந்ததுக்கு நன்றி, மாஸ்ரர்" என்றான்.

கையை நீட்டினான். நீட்டமுடிந்த அளவுக்கு நீட்டினான். நான் ஓரடி முன்னால் போய்த்தான் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மேன்முறையீடு தள்ளுபடியானது. பேஸ்போல்காரர்கள் கையெழுத்துச் சேர்த்தார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், பிள்ளைகள் நகரசபைக்கு முன்னால் மடிந்த முழங்கைகளோடு நின்றார்கள். என் மனைவி கையெழுத்துப் போட்டாள். நான் போட்டேனா என்று கேட்டால், போட்டேன். அது சுலபமாக இருந்தது. அடுத்த வசந்தத்தில் விசா நீடிக்க அலுவலகத்துக்குப் போன இடத்தில் அவனைப் பிடித்து, விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் தரையிறங்கினான் என்பதுவரை தெரியும். அதற்குப் பிறகு பல கதைகள் வந்தன. விமான நிலையத்திலேயே மறித்தார்கள் என்றார் ஒருவர். கொழும்பில் ஒரு லொட்ஜில் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள், அடையாள அட்டை கேட்டபோது கையைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள் என்றார் இன்னொருவர். கடலால் ஊருக்குப் போக வெளிக்கிட்டவன் என்றும் சொன்னார்கள். ஒன்றையும் நேரில் கண்டவர் இல்லை. அவனுடைய தாய் இரண்டு மூன்று இடங்களுக்கு அலைந்து தேடியதாகக் கேள்விப்பட்டேன். அதை மட்டும் நான் நம்புகிறேன்.

எங்கள் அணி அதற்கடுத்த கோடை சேரவில்லை. தும்புப்பாய் என் நிலவறையில் நெடுநாள் கிடந்து பூஞ்சணம் பிடித்தது.

ஒருநாள் பேருந்துச் சாரதி என் வீட்டுக்கு வந்தார். உங்கள் ஆட்களிடம் ஏதாவது செய்தி உண்டா என்று கேட்பதற்காக. நான் கேள்விப்பட்டவற்றைச் சொன்னேன். தொப்பியை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பிப் போகும்போது, கதவடியில் நின்று, கோபமில்லாமல், உண்மையிலேயே அறிய வேண்டும் என்பதுபோல ஒரு கேள்வி கேட்டார்.

அவன் எங்களிடம் வருமுன், அந்தக் கை நிமிர்ந்ததா?

இந்தமுறை எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"இல்லை" என்றேன். "ஒருபோதும் நிமிர்ந்ததில்லை. நான் பிடித்துப் பார்த்தேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்து நின்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியபடி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். கீழ்வீட்டுக் குழந்தை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் வலது முழங்கையை மடித்துக் காட்டியது. அவர் நின்று, தன் முழங்கையையும் மடித்துக் காட்டிவிட்டுத் தெருவுக்குப் போனார்.